கப்பலில் மாமாவுக்கு ஒரு பங்கு

புது பாம் ஷெல்டருக்கு என்று ஒரு வாசம் உண்டு. தொண்ணூறுகளின் கடைசியில் சிங்கப்பூரில் புது வீவக அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோன குடும்பத்துப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் உங்களுக்கு உடனே தெரிந்துவிடும். காயாத சிமெண்டு, இரும்புக் கதவின் சாம்பல் பெயிண்ட், அதற்குள் நேற்று வைத்த வெங்காயம், எல்லாம் சேர்ந்த வாசம். குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ள ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் கட்டிக்கொடுத்த ஜன்னலில்லாத சின்ன அறை. நம் வீடுகளில் அதில் துடைப்பமும் உடைந்த ஃபேனும் தீபாவளி முறுக்குப் பிழியும் குழலும் இருந்தன. எங்கள் வீட்டில் ஒரு கப்பலே இருந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. தெம்பனிஸில் ஒரு பேரங்காடியில் பணம் வாங்கும் கவுண்ட்டரில் பல வருஷமாய் நிற்கிறேன். முழங்கால் போய்விட்டது. ஆனால் ஜனங்கள் பேசுவதைக் கேட்க அதைவிட நல்ல இடம் கிடையாது. நோய் பரவிய வருஷம் ஒரே மத்தியானத்தில் எங்கள் அரிசி அடுக்கு காலியானது உங்களுக்கு நினைவிருக்கும். அன்று நான்கு மூட்டை அரிசியோடு வந்த ஓர் அக்கா, நான் எதுவும் கேட்காமலே சொன்னார்: “நான் பயப்படற ஆளு இல்லம்மா. பக்கத்து வீட்டுக்காரிதான் பயப்படறா. அவ வாங்கறதப் பாத்து எனக்கு பயமா இருக்கு.”

வரிசையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் முகத்தில் என் அப்பாவைப் பார்த்தேன்.

தொண்ணூற்று ஒன்பதில் எனக்குப் பன்னிரண்டு வயது. தொடக்கநிலை ஆறு முடிந்து உயர்நிலைப் பள்ளிக்குக் காத்திருந்த அந்த நீண்ட விடுமுறை. சுவா சூ காங்கில் பதினான்காம் மாடியில் புது வீட்டுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஊரெல்லாம் ஒரே பேச்சு. கம்ப்யூட்டர்களுக்கு வருஷத்தின் கடைசி இரண்டு எண்கள்தான் தெரியுமாம். தொண்ணூற்று ஒன்பது முடிந்து இரண்டு சுழி வந்தால் அவை குழம்பிப்போகுமாம். விளக்கு அணையும், லிஃப்ட் நடுவில் நிற்கும், குழாயில் தண்ணீர் வராது, ஆகாய விமானம் எங்கே போகும் என்று தெரியாது. ஒய்டூகே என்றார்கள். நீங்கள் எல்லாரும் கேட்டிருப்பீர்கள், மறந்தும் இருப்பீர்கள். மறக்கக் கூடிய விஷயம்தான், ஒன்றும் நடக்கவில்லையே.

அப்பா கப்பல்களுக்குச் சாமான் ஏற்றிவிடும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்கீப்பர். துறைமுகத்துக்கு வரும் கப்பலில் இத்தனை ஆள், இத்தனை நாள் கடல் என்று சொன்னால் போதும். அரிசி எவ்வளவு, உப்பு எவ்வளவு, தீப்பெட்டி எத்தனை என்று பேப்பர் பேனா இல்லாமல் சொல்லிவிடுவார். கடலுக்கு நடுவில் கடை கிடையாது என்பது அவருடைய வேலை. அதனால்தானோ என்னவோ, மற்றவர்கள் வேடிக்கையாகப் பேசிய விஷயம் அவருக்கு வேடிக்கையாக இல்லை.

“சிங்கப்பூரே ஒரு கப்பல்தான்லா,” என்றார் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில். “அரிசி வெளியில இருந்து, காய்கறி வெளியில இருந்து, தண்ணிகூட பாதி வெளியில இருந்து. ஒரு வாரம் எதுவும் வரலைன்னா என்ன ஆகும்னு யோசிச்சிருக்கீங்களா?”

அம்மா அவர் தட்டில் ரசம் ஊற்றினாள். “நான் யோசிச்சது ஒண்ணுதான். அந்த ரூம்ல ஒரு ஆணி அடிக்க விடமாட்டேங்கறாங்க. சாமி படத்த எப்படி மாட்டறது?”

அம்மாவுக்கு அந்த ஷெல்டர் சாமி அறையாக வேண்டும். வீட்டுக்குச் சாவி வாங்கிய அன்றே விளக்கு எங்கே, ஊதுபத்தி எங்கே என்று மனதுக்குள் அடுக்கி முடித்திருந்தாள். அப்பா அவளைக் கேட்காமல் அங்கே இரும்பு அலமாரி போட்டார். சாமிகள் ஃப்ரிட்ஜ் மேலே போய் உட்கார்ந்தன. “தற்காலிகம்தான்,” என்றார் அப்பா. அம்மா ஃப்ரிட்ஜ் கதவைக் கொஞ்ச நாள் வேகமாகச் சாத்தினாள்.

அக்டோபரில் தொடங்கியது. சம்பளம் வரும் வாரமெல்லாம் இரண்டு பை, மூன்று பை. அரிசி, சார்டின் மீன் டின், பருப்பு, புளி, மெழுகுவர்த்தி, பேட்டரி, ரொட்டி டின். ஒவ்வொன்றின் தலையிலும் அப்பா கறுப்பு மார்க்கரால் வந்த தேதியை எழுதுவார். புதியது பின்னால், பழையது முன்னால். “முன்ன வந்தது முன்ன போகணும்,” என்பார். அது அவருக்கு மந்திரம் மாதிரி. நான் அடுக்குவேன், அவர் சரிபார்ப்பார். அலமாரிக் காலில் ஒரு அட்டையைக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டிருந்தார். மேலே ‘க்ரூ’, கப்பல் ஆட்கள், என்று எழுதி, கீழே எங்கள் பெயர்களுக்குப் பதில் உறவு மட்டும்: நான், மனைவி, மகள். கடைசியில், வேறு மையில், மச்சான்.

மச்சான் என்றால் என் மாமா, அம்மாவுடைய ஒரே அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் ஓரறை வாடகை வீட்டில் இருந்தார். டாக்சி ஓட்டினார். ஞாயிறுதோறும் எங்கள் வீட்டுக்கு வந்து, அந்த வாரம் டாக்சியில் ஏறியவர்கள் சொன்னதில் சிறந்த ஒன்றை எனக்கென்று எடுத்து வைத்திருந்து சொல்வார். அதை நான் ஒரு நீல நோட்டில் எழுதுவேன். ஜனங்கள் பேச்சின் மேல் எனக்கு வந்த ஆசை அங்கிருந்து வந்ததுதான். அந்த நோட்டு இப்போது இல்லை. சில வரிகள் மட்டும் மனப்பாடம்.

“மருமகளே, எழுதிக்கோ,” என்பார் சோபாவில் சாய்ந்து. “ஒரு அம்மா தேக்காவுல ஏறுச்சு. கம்ப்யூட்டர் எல்லாம் நின்னு போனா என்னம்மா பண்ணுவீங்கன்னு கேட்டேன். என் வீட்டுக்காரரு நின்னு போயே பத்து வருஷம் ஆச்சு தம்பி, அதையே சமாளிக்கிறேன்னுச்சு.”

இன்னொரு வாரம்: “ஆபீஸ்ல வேலை செய்யற பையன். நியூ இயர் அன்னைக்கு எல்லாரும் டூட்டியாம். உலகம் அழிஞ்சாலும் பரவால்ல அங்கிள், மெடிக்கல் லீவு குடுப்பாங்களான்னு கேக்கிறான்.”

மாமா முதன்முதலில் எங்கள் ஷெல்டரைப் பார்த்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. வாசலில் நின்று இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“மாப்ள, இது வீடா கப்பலா? உள்ள வர டிக்கெட் எடுக்கணுமா?”

“உங்களுக்கும் பங்கு போட்டாச்சு மச்சான்,” என்றார் அப்பா. கொஞ்சம் பெருமையாக. அட்டையைக் காட்டினார். அதன் நேர் மேலே ஐந்து ஓட்ஸ் டின்கள், ஒவ்வொன்றிலும் தேதிக்குக் கீழே ‘மச்சான்’ என்று எழுதியிருந்தது. மாமாவுக்கு இருதயம் சரியில்லை. கால் வீங்கும், நெஞ்சில் நீர் கட்டும். உப்பு கூடாது, எண்ணெய் கூடாது. அப்பா அதையும் கணக்கில் எடுத்திருந்தார். கப்பலில் நோயாளிக்குத் தனிச் சாப்பாடு ஏற்றுவது வழக்கமாம்.

மாமா ஒரு டின்னை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார். “எல்லாரும் சார்டின், எனக்கு மட்டும் ஓட்ஸா? உலகம் முடியறப்பவும் பத்தியமா? நான் வெளியவே நிக்கறேன்பா. நீங்க கதவச் சாத்திக்கங்க.”

நாங்கள் நான்கு பேரும் சிரித்தோம். அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அந்த வார்த்தையை நான் நோட்டில்கூட எழுதினேன்.

நவம்பரில் எங்கள் வட்டாரத்துக்குக் குட்டி ரயில் வந்தது. டிரைவர் இல்லாமல் தானாக ஓடும் ரயில். வீடுகளுக்குப் பக்கத்தில் போகும்போது அதன் கண்ணாடிகள் தானாகப் பால்போல் வெளுத்துவிடும். பிள்ளைகள் எல்லாரும் முன்னால் நின்றுகொண்டு தாங்களே ஓட்டுவதுபோல் ஆடினார்கள். அப்பா என்னை அதில் ஏற விடவில்லை. “இதுக்குள்ள முழுக்க கம்ப்யூட்டர்தான். அன்னைக்கு ராத்திரி பன்னெண்டு மணிக்கு இதுல இருக்கறவன் நடுவானத்துல நிப்பான். இறங்கவும் முடியாது, ஏறவும் முடியாது,” என்றார். அதற்கப்புறம் எனக்கு அடிக்கடி ஒரே கனவு. அம்மா அந்த ரயிலுக்குள் இருக்கிறாள். கண்ணாடி வெளுத்துப் போகிறது. நான் கீழே நின்று கூப்பிடுகிறேன்.

அப்பா பொய் சொல்லிப் பயமுறுத்தவில்லை. அவருக்கே அந்தப் பயம் இருந்தது. பயந்தவர் சொல்வதைப் பிள்ளைகள் உடனே நம்பிவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

எதிர் வீட்டில், நாங்கள் மக்சிக் என்று கூப்பிட்ட மலாய் அம்மாதான் அப்பாவை நேராகவே கேலி செய்தார். நோன்பு மாதம் தொடங்கியிருந்தது. பெருநாளுக்கு அன்னாசிப் பலகாரம் செய்து டப்பா டப்பாவாக அடுக்கிக்கொண்டிருந்தார். அப்பா தண்ணீர்க் குடங்களோடு போவதைப் பார்த்துத் தன் உடைந்த தமிழில், “நீங்க டிசம்பர் முப்பத்தொண்ணு. நான் ஹரி ராயா. யாரு சாமான் முன்ன முடியும், பாப்போம்லா,” என்றார்.

ஒரு சனிக்கிழமை அப்பா கதவைச் சோதித்தார். என்னை ஷெல்டருக்குள் விட்டு, அந்தக் கனத்த கதவைச் சாத்தி, இரண்டு கைப்பிடியையும் திருகினார். “நான் ஆபீஸ் ஹேண்ட்போன்ல இருந்து வீட்டு ஃபோனுக்கு அடிக்கறேன். உள்ள மணி கேக்குதான்னு சொல்லு.” இருட்டு. புளி வாசம். என் மூச்சுச் சத்தம். பிறகு மணி. ஈரத் துணியில் சுற்றி வைத்ததுபோல், ஆனால் தெளிவாக. பத்துத் தடவை எண்ணினேன்.

கதவு திறந்தது. அப்பா முகம் எவ்வளவு ஆவலாக இருந்தது என்று இப்போதும் கண்ணில் நிற்கிறது. கேட்கக்கூடாது என்று அவர் விரும்பினார். அவ்வளவு உறுதியான சுவர் தன் பிள்ளைக்கு இருக்க வேண்டும் என்று விரும்பினார்.

“கேக்கலப்பா,” என்றேன்.

“பாத்தியா,” என்று அம்மாவிடம் திரும்பினார். “ஒண்ணும் உள்ள வராது.”

கிறிஸ்துமஸ் சமயத்தில் மாமாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூச்சு வாங்கியது. நெஞ்சு நீரை எடுத்துவிட்டார்கள், பரவாயில்லை, ஒரு வாரத்தில் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அம்மா ஒவ்வொரு நாளும் உப்பில்லாத ரசம் வைத்து, பச்சை ஃபிளாஸ்க்கில் ஊற்றி எடுத்துக்கொண்டு, ரயிலும் பஸ்ஸும் மாறிப் போய் வந்தாள். மாமா அதைக் குடித்துவிட்டு, “தங்கச்சி, இது ரசமா, ரசத்தக் கழுவின தண்ணியா?” என்று கேட்பாராம். முப்பதாம் தேதி புறப்படும்போது, நாளைக்கும் வருவேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

முப்பத்தொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை. அப்பா லீவு போட்டிருந்தார். மாலை நான்கு மணிக்குக் கப்பல் புறப்படுகிறது என்று முன்பே சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு யாரும் லிஃப்டில் ஏறக்கூடாது, யாரும் வெளியே போகக்கூடாது. கப்பல் நகர்ந்துவிட்டால் யாரையும் கரையில் இறக்கமாட்டார்கள்.

அம்மா காலையிலேயே போய்விட்டு வந்திருக்கலாம். ஆனால் அன்று காலை முழுக்கத் தண்ணீர் நிரப்பினோம். வாளி, குடம், பிரியாணிச் சட்டி, மிலோ டின், மூடியுள்ளது எல்லாம். பிறகு துணி துவைத்தோம், மின்சாரம் போனால் மெஷின் ஓடாது என்று. பிறகு மூன்று நாளுக்குச் சமைத்தோம். அம்மா ரசத்தை ஃபிளாஸ்க்கில் ஊற்றி, சேலை மாற்றி வந்து நின்றபோது மணி இரண்டேகால்.

“இப்பப் போனா நாலுக்குள்ள வர முடியாதும்மா,” என்றார் அப்பா.

“வரேன்னு சொல்லிட்டேங்க. அண்ணன் பாத்துக்கிட்டே இருக்கும்.”

“நர்ஸ் மிஸ்ஸிகிட்ட ஃபோன்ல சொல்லிடு. ஆஸ்பத்திரில ஜெனரேட்டர் இருக்கு. இன்னைக்கு இந்த ஊர்லயே பத்திரமான எடம் மச்சான் இருக்கற எடம்தான். பத்திரமில்லாதது நடுவுல இருக்கற வழி. நாளைக்குக் காலையில எல்லாம் சரியா இருந்தா நானே கூட்டிட்டுப் போறேன்.”

சத்தம் போடவில்லை அவர். சத்தம் போட்டிருந்தால் அம்மா போயிருப்பாள். கெஞ்சினார். பிள்ளையைப் பார், என்று என்னைக் காட்டினார். நான் அம்மாவின் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன், பன்னிரண்டு வயதுக்காரி. அம்மா ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்தாள். மாமா தூங்குகிறார், எழுந்ததும் சொல்கிறோம் என்றார்கள். ஃபிளாஸ்க்கை மேசையிலேயே வைத்துவிட்டு, சேலையை மாற்றாமலே சமையலறைக்குப் போனாள்.

நான்கு மணிக்கு அப்பா வாசல் கேட்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டார்.

ஐந்தரை இருக்கும். அப்பா குளியலறையில் கடைசி வாளிகளை நிரப்பிக்கொண்டிருந்தார். அம்மா ஃப்ரிட்ஜ் மேலிருந்த முருகன் படத்தை எடுத்துக்கொண்டு ஷெல்டருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அழப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. ஹாலில் நான் மட்டும். ஃபோன் அடித்தது.

ஒரு பெண் குரல், ஆங்கிலத்தில். ஆஸ்பத்திரி மிஸ்ஸி. மதியம் பேசியவர் இல்லை, வேறு ஆள். அம்மா இருக்காங்களா என்று கேட்டார். மாமா தங்கச்சியைக் கேட்கிறார், உடனே வர முடியுமா என்றார்.

எனக்கு அந்த ரயில் தெரிந்தது. கண்ணாடி வெளுத்தது. உள்ளே அம்மா.

“ஷி இஸ் நாட் அட் ஹோம்,” என்றேன்.

அம்மா வந்ததும் சீக்கிரம் வரச் சொல்லும்மா, என்று மிஸ்ஸி மறுபடி சொல்லிவிட்டு வைத்தார்.

நான் குளியலறைக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன், இரண்டையும். அவர் குழாயை மூடினார். முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஷெல்டர் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “மச்சானுக்குத் தனியா இருந்தா போரடிக்கும். அதான் ஆளத் தேடறாரு,” என்றார். “காலையில மொத ரயில்ல போயிடலாம். அம்மாகிட்ட இப்ப சொல்லாத.” மறுபடி குழாயைத் திறந்தார்.

ஏழு மணி. எதிர் வீட்டில் மக்சிக்கின் ரேடியோவில் நோன்பு திறக்கும் பாங்கு சொன்னார்கள். அது முடியும் முன் ஃபோன் மறுபடி அடித்தது. இந்த முறை அப்பா எடுத்தார். “எஸ்” என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். பூட்டில் அது நுழைய நேரமாயிற்று.

லிஃப்ட் வந்தது. குட்டி ரயில் வந்தது, டிரைவர் இல்லாமல், சொன்ன நேரத்துக்கு. நான் முதல் தடவையாக அதில் ஏறினேன். கண்ணாடி வெளுத்தது, தெளிந்தது, மறுபடி வெளுத்தது. பெரிய ரயில் முழுக்கப் புதுவருஷக் கூட்டம். மின்னும் தொப்பி, காகித ஊதல், முகத்தில் பளபளப்புப் பூசிய பெண்கள். ஒருவன் அப்பாவைப் பார்த்து ஹேப்பி நியூ இயர் அங்கிள் என்றான். அப்பா தலையசைத்தார். அவர் கையில் பச்சை ஃபிளாஸ்க் இருந்தது. எப்போது எடுத்தார் என்று எனக்குத் தெரியாது. ஏன் எடுத்தார் என்று அவருக்கும் தெரிந்திருக்காது.

வார்டில் மாமாவின் கட்டிலைச் சுற்றித் திரை முழுக்க இழுத்திருந்தது. ஒரு மலாய் மிஸ்ஸி வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். ஐந்தரைக்கே ஃபோன் செய்தேனே, வீட்டில் இல்லையென்று சொன்னார்களே, என்றார், குறையாக இல்லை, வருத்தமாக.

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா தரையைப் பார்த்தார். அம்மா எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள், நான் கடைக்குப் போயிருந்தேன் மிஸ்ஸி, என்று.

கடைசியாக மாமா எதற்காகக் கூப்பிட்டார் என்று யாருக்கும் தெரியாது. ஏதோ சொல்ல வேண்டியிருந்ததா, வெறுமனே அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்ததா. ரசம் கேட்டாரா.

பன்னிரண்டு அடித்தபோது நாங்கள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்து பெஞ்சில், மாமாவின் உடலை வாங்கக் காகிதம் ஏதோ வருவதற்காக உட்கார்ந்திருந்தோம். தூரத்தில் வெடிச் சத்தமும் கார் ஹாரன்களும். அப்பா தலை தூக்கி மேலே இருந்த டியூப்லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். எனக்குத் தெரியும், எங்கள் இருவருக்கும் ஒரே வேண்டுதல்தான். அணைந்துவிடு. ஒரு தடவையாவது கண் சிமிட்டு. அது எரிந்துகொண்டே இருந்தது. எழுந்து போகும்போது ஃபிளாஸ்க்கை பெஞ்சிலேயே விட்டுவிட்டோம். அடுத்த நாள் நினைவு வந்தது. யாரும் போய்க் கேட்கவில்லை.

மாமாவின் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே கூடாரம் போட்டார்கள். டாக்சிக்காரர்கள் வண்டிகளை வரிசையாக நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். மாமா சொன்ன கதைகளை ஆளாளுக்குச் சொல்லிச் சிரித்து, சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள். எனக்கென்று மட்டும் எடுத்து வைத்தது என்று நான் நினைத்ததெல்லாம் அவர்களுக்கும் தெரிந்திருந்தது. அதற்கும் அழுதேன். மண்டாய் தகனச் சாலையில் எரித்துவிட்டு வந்தோம்.

காரியம் எல்லாம் முடிந்த அடுத்த நாள் அம்மா ஷெல்டரைத் திறந்தாள். “இது முடியற வரைக்கும் கடையில ஒண்ணும் வாங்கறதில்ல,” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அப்படியே செய்தாள். ஜனவரி முழுக்க சார்டின். பிப்ரவரி முழுக்கப் பருப்பும் ரொட்டியும். மார்ச்சில் அரிசியில் வண்டு விழுந்தது. புடைத்துக் கழுவி வடித்தாள். ஒவ்வொரு டின்னையும் மேசைக்குக் கொண்டுவந்து, தலையில் அப்பா எழுதிய தேதி அவர் பக்கம் பார்க்கும்படி வைத்துத் திறப்பாள். முன்னால் வந்தது முன்னால் போயிற்று. அப்பா ஒரு வாய் மறுக்கவில்லை. எனக்குச் சார்டினைப் பார்த்தாலே குமட்டும், நானும் வாயைத் திறக்கவில்லை. பெருநாளுக்கு மக்சிக் கொடுத்த பலகாரத்தைக்கூட நான் தாழ்வாரத்திலேயே நின்று தின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.

அது அப்பாவுக்குக் கொடுத்த தண்டனை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். எனக்கு இன்னும் தண்டனை வரவில்லை, ஒருநாள் வரும் என்றும் நினைத்திருந்தேன். நான் பொய் சொன்னது அம்மாவுக்குத் தெரியும். என்னைக் காப்பாற்றக் கடைக்குப் போனதாகச் சொன்னாள். பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பள்ளியில் படிப்பு ஏறாமல் போனதற்கு அதுதான் காரணம் என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஆனால் வீட்டில் ஃபோன் அடித்தால் இன்றுவரை நான் எடுப்பதில்லை.

அப்பா போய் மூன்று வருஷமாகிறது. தூக்கத்தில் போனார், நான் பக்கத்து அறையில் இருந்தேன். இந்த வருஷம் அம்மாவைப் பொங்கோலில் என் வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவது என்று முடிவானது. சுவா சூ காங் வீட்டை ஒழிக்க இரண்டு பேரும் போனோம். ஷெல்டரைக் கடைசிக்கு வைத்தோம்.

அலமாரி அப்படியே இருந்தது. அட்டை அப்படியே தொங்கியது. மேல் தட்டின் மூலையில், பழைய குடைகளுக்குப் பின்னால், ஐந்து ஓட்ஸ் டின்கள். விளிம்பெல்லாம் துருப்பிடித்து, ‘மச்சான்’ என்ற எழுத்து பழுப்பாக மங்கி. எல்லாம் தீர்ந்த பிறகும் அம்மா அதை மட்டும் திறக்கவில்லை. அப்பா தூக்கிப் போடவும் இல்லை. இருபது வருஷத்துக்கு மேலாக இரண்டு பேரும் அதைச் சுற்றித் துடைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறார்கள்.

அம்மா முக்காலியில் உட்கார்ந்து ஒரு டின்னை மடியில் வைத்துக்கொண்டாள்.

“அம்மா, அன்னைக்கு அந்த ஃபோன்,” என்று தொடங்கினேன்.

“தெரியும்.”

“மிஸ்ஸி சொன்னப்பறம்தானே உனக்குத் தெரியும்.”

“இல்ல.” டின்னின் மூடியை விரலால் தடவிக்கொண்டே சொன்னாள். “மணி அடிச்சது கேட்டுச்சு. நீ எடுத்தது கேட்டுச்சு. அம்மா வீட்டுல இல்லன்னு சொன்னது கேட்டுச்சு. அவ்வளவு இங்கிலீஷ் எனக்குத் தெரியாதா?”

உள்ளிருந்து கேட்கும் என்று எனக்குத் தெரியாதா? மணியைப் பத்துத் தடவை எண்ணியவள் நான்தானே. அந்தக் கதவுக்குள் ஒன்றும் வராது என்று அப்பாவை நம்பவைத்தேன். பிறகு நானும் அதையே பிடித்துக்கொண்டேன்.

“அப்பறம் ஏம்மா வெளிய வரல?”

“வந்தா போகணும்ல.” டின்னின் துருவை நகத்தால் சுரண்டினாள். “உங்கப்பா வேணாம்னாலும் போயிருக்கலாம். அவரு பயம் எனக்கும் ஒட்டிக்கிச்சு. பாதி வழியில ரயிலு நின்னுட்டா அங்கயும் இல்ல, இங்க உன்கிட்டயும் இல்ல. அத நெனச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்பத்தான் நீ நான் இல்லன்னு சொன்னே. எனக்கு அது வசதியா இருந்துச்சும்மா. அப்படியே இல்லாதவ மாதிரி இருந்துட்டேன்.”

“அப்பாகிட்ட சொன்னியா?”

தலையாட்டினாள், இல்லை என்று. “அவரத் தண்டிக்கறேன்னு நெனச்சுத்தான் அவ்வளவையும் சாப்பிட்டாரு. நானும்தான் சாப்பிட்டேன், யாரு பாத்தா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவருக்கு லேசா இருந்திருக்கும். அதையும் சொல்லல. அதுவும் ஒரு ஃபோன் மாதிரிதான், எடுக்கவே இல்ல.”

நான் தரையில் அவள் காலடியில் உட்கார்ந்தேன். சிமெண்டு குளிர்ந்தது. வாசம் இன்னும் போகவில்லை, புளியும் இரும்பும்.

“அந்த மிஸ்ஸி என்ன சொன்னா?” என்று கேட்டாள் அம்மா. “அவ சொன்னபடியே சொல்லு. ஒண்ணும் விடாம.”

இத்தனை வருஷத்தில் அவள் இதை ஒருதடவையும் கேட்டதில்லை. எனக்கோ ஒவ்வொரு வார்த்தையும் நினைவிருந்தது. மிஸ்ஸியின் மூச்சுகூட நினைவிருந்தது. சொன்னேன்.

“உங்கம்மா இருக்காங்களான்னு கேட்டாங்க. உன் மாமா முழிச்சிருக்காரு, தங்கச்சி தங்கச்சின்னு வாசலையே பாக்கறாரு. இப்பவே வர முடியுமான்னு கேட்டாங்க.”

அம்மா டின்னை மடியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டாள், வெளியே புறப்படுகிறவள்போல.

“வரேன்னு சொல்லு,” என்றாள்.